விரல்நுனியில் விரிந்த கல்வி: லூயி பிரெயில் வாழ்வு

கல்விக்கூடத்துள் புதிய கருவி ஒன்று நுழையும்போதெல்லாம் ஆசிரியர் உள்ளத்தில் ஒரு கலக்கம் எழுவது இயல்பு. ஓலைச்சுவடி இருந்த இடத்தில் அச்சுநூல் வந்தபோது, மனப்பாடம் செய்வித்தலையே தொழிலாகக் கொண்டிருந்த திண்ணைப்பள்ளி ஆசானின் நிலை மாறியது. இன்று கணினியும் கைப்பேசியும் வகுப்பறைக்கு வந்துவிட்ட நிலையில், ஆசிரியருக்கு இனி என்ன வேலை என்னும் வினாவை நாம் அடிக்கடி கேட்கிறோம். இவ்வினா நம் காலத்துக்கே உரியது என்று எண்ணிவிடுதல் கூடாது. ஏறத்தாழ 200 ஆண்டுகளுக்கு முன்பு பாரிசு மாநகரில், பார்வையற்ற சிறுவர் பயின்ற பள்ளி ஒன்றில், இவ்வினா மிகக் கூர்மையாக எழுந்தது. எழுப்பியவன் ஒரு மாணவன். அவன் கையில் இருந்த கருவியோ ஊசி போன்ற ஒரு சிறு குச்சி. லூயி பிரெயில் என்னும் அவன் பெயர் ஓர் எழுத்துமுறையின் பெயராக உலகெங்கும் வழங்குகிறது. பெயரை அறிந்தோர் பலர். வாழ்வை அறிந்தோர் சிலரே.

பிரான்சு நாட்டில், பாரிசுக்குக் கிழக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கூவ்ரே என்னும் சிற்றூரில், 1809ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 4ஆம் நாள் லூயி பிறந்தான். தந்தையார் சீமோன் ரெனே பிரெயில் குதிரைச் சேணமும் கடிவாளமும் செய்யும் தொழிலாளர். தாயார் மொனிக். நான்கு மக்களுள் லூயியே இளையவன். மூன்று வயதில் ஒருநாள், தந்தையின் பட்டறையில் விளையாட்டாகத் தோல் துளைக்க முயன்றபோது கூரிய கருவி வழுக்கி ஒரு கண்ணில் பாய்ந்தது. அது குத்தூசி என்பாரும் கத்தி என்பாரும் உளர். புண் சீழ்கொண்டு மற்றொரு கண்ணையும் பற்றியது. நோய்க்கிருமி பற்றிய அறிவோ அதை வெல்லும் மருந்தோ இல்லாத காலம் அது. ஐந்து வயதுக்குள் இரு கண்களும் முற்றாக ஒளியிழந்தன.

அக்காலத்து ஐரோப்பாவில் பார்வையிழந்த ஏழைக் குழந்தைக்குக் காத்திருந்தது பெரும்பாலும் பிச்சைப் பாத்திரமே. லூயியின் பெற்றோர் அவனை மூலையில் அமர்த்திவிடவில்லை. தந்தையார் மரத்தால் ஒரு கைக்கோல் செய்து கொடுத்தார். பலகையில் சிற்றாணிகளை எழுத்து வடிவில் அடித்து, தடவிப் பார்த்து எழுத்தறியச் செய்தார் என்றும் கூறுவர். ஊர்ப் பாதிரியார் பாலுயி என்பவர் முதற்கல்வி தந்தார். பின்னர் உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர் பெஷெரே, பார்வையுள்ள பிள்ளைகளுக்கு நடுவே அவனையும் அமர்த்திக்கொண்டார். கேட்டதை அப்படியே நினைவில் இருத்தும் ஆற்றலால் அவன் வகுப்பில் முன்னின்றான். எனினும் ஏனைய பிள்ளைகள் நூலைத் திறக்கும் வேளையில் அவன் கைகட்டி அமர்ந்திருக்கவே நேர்ந்தது. செவிக்கல்வியின் எல்லையை அவன் அப்போதே உணர்ந்திருக்க வேண்டும்.

பார்வையற்றோருக்குக் கல்வி என்னும் எண்ணமே அன்று புதிது. வாலன்டின் ஹாயுய் என்னும் அறிஞர் 1784இல் பிரான்சுவா லெசுயூர் என்னும் பார்வையற்ற இளைஞனுக்குக் கற்பிக்கத் தொடங்கினார். ஒருநாள் அவ்விளைஞன் மேசைமேல் கிடந்த தாள்களைத் துழாவுகையில், அழுத்தமாக அச்சிட்ட அட்டை ஒன்றின் பின்புறத்தில் எழுத்தொன்று புடைத்திருப்பதை விரலால் கண்டு ஆசிரியரிடம் தெரிவித்தான் என்பர். அதிலிருந்தே புடைப்பெழுத்து நூல் பிறந்தது. மாணவன் விரல் கண்டதை ஆசிரியர் கருவியாக்கினார் என்னும் இச்செய்தி நம் பொருளுக்கு இன்றியமையாதது. ஹாயுய் 1785இல் நிறுவிய பள்ளியே பார்வையற்றோருக்கென உலகில் தோன்றிய முதற்பள்ளியாகக் கருதப்படுகிறது.

அப்பள்ளியில் 1819ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள், பத்து வயதுச் சிறுவனாக லூயி சேர்ந்தான். பள்ளி நடந்த செயிண்ட் விக்தோர்த் தெருக் கட்டடம் பழைய குருமடம்; பிரெஞ்சுப் புரட்சியின்போது சிறையாகவும் இருந்தது. ஈரம் கசியும் சுவர்கள், குறுகிய படிக்கட்டுகள், காற்றோட்டமற்ற அறைகள். பின்னாளில் லூயியைப் பற்றிய எலும்புருக்கி நோய்க்கு இக்கட்டடமும் ஒரு காரணம் என்று எழுதாத வரலாற்றாசிரியர் அரியர்.

அங்கிருந்த நூல்கள் எத்தகையன? ஈரப்படுத்திய தடித்த தாளைப் பெரிய உலோக எழுத்துகளின்மேல் அழுத்தி, எழுத்தின் வடிவம் மேலெழுமாறு செய்தனர். ஒவ்வொரு எழுத்தும் விரலகலத்துக்கு மேற்பட்டது, ஒவ்வொரு நூலும் தூக்கவியலாத எடை, செலவோ மிகுதி. விரல்விட்டு எண்ணத்தக்க நூல்களே பள்ளியில் இருந்தன. ஒவ்வொரு எழுத்தின் வளைவையும் தடவித் தேறி, சொல்லின் இறுதிக்கு வருவதற்குள் அதன் முதலெழுத்து மறந்துபோகும். கண்ணுக்கென அமைந்த வடிவத்தை விரலுக்குக் கொடுத்ததே இங்கு நேர்ந்த பிழை. ஹாயுய் நல்லவர், ஆயினும் அவர் பார்வையுள்ளவர். தமக்கு எது எழுத்தோ அதுவே எல்லார்க்கும் எழுத்து என்று எண்ணினார்.

இதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. அம்முறையில் மாணவன் ஓரளவு படிக்கலாம், எழுத இயலாது. எழுத இயலாதவன் குறிப்பெடுக்க மாட்டான். கணக்குப் போட மாட்டான். நண்பனுக்கு மடல் தீட்ட மாட்டான். ஆசிரியர் சொன்னது சரியா என்று மறுநாள் ஒப்பிட்டுப் பார்க்கவும் மாட்டான். ஆசிரியரின் குரல் ஓய்ந்தால் கல்வியும் ஓயும். நம் தமிழுலகில் அந்தகக்கவி வீரராகவ முதலியார் தம் முதுகில் பிறர் எழுதிக்காட்ட எழுத்தறிந்தார் என்று மரபு கூறும். அங்கும் எழுதும் கை பிறருடையதாகவே இருந்தது. அவர்தம் பேராற்றலால் பெரும்புலவரானார். எல்லார்க்கும் அது வாய்க்குமா?

1821ஆம் ஆண்டு வாக்கில் சார்ல் பார்பியே என்பவர் தாம் வகுத்த புள்ளியெழுத்து முறையை இப்பள்ளிக்குக் கொண்டுவந்தார். பார்பியே முன்னாள் பீரங்கிப் படை அலுவலர். நள்ளிரவில் விளக்கின்றிப் படைவீரர் ஆணைகளைப் படிக்கவென அவர் இதை அமைத்தார் என்னும் கதை பரவலாக வழங்குகிறது. அவர் நோக்கம் போர்க்களத்தோடு நில்லாது, முறையான பள்ளிக்கல்வி எட்டாத எளிய மக்களுக்கு எழுத்தைக் கொண்டுசெல்வதாகவே இருந்தது என்று அண்மைக்கால ஆய்வாளர் சிலர் காட்டுகின்றனர். எவ்வாறாயினும், கோடும் வளைவும் வேண்டா, தாளில் துருத்திய புள்ளி போதும் என்று கண்டது அவர் பெருமை. பள்ளிச் சிறுவர் அப்புள்ளிகளைத் தொட்ட மாத்திரத்தில் வேறுபாட்டை உணர்ந்தனர். சிறு சட்டமும் கூரிய எழுத்தாணியும் இருந்தால் தாமே எழுதலாம் என்பது அவர்களுக்குப் பெருவியப்பு.

பன்னிரண்டு வயது லூயி அம்முறையை விரைந்து கற்றான். விரைந்தே அதன் குறைகளையும் கண்டான். பார்பியேயின் ஒரு குறியில் பன்னிரண்டு புள்ளிகள் வரை வரும். ஒரு விரல்நுனிக்குள் அது அடங்காது. மேலும் கீழும் விரலை அசைத்தே படிக்க வேண்டும். அடுத்து, அஃது ஒலிகளைக் குறிக்கும் முறை. சொல்லின் எழுத்துக்கூட்டலை அது காட்டாது. நிறுத்தக்குறி, எண், இசைக்குறி ஆகியனவும் அதில் இல்லை. பேச்சைப் பதிவு செய்ய அது போதும். இலக்கணமும் கணிதமும் பயில்வதற்குப் போதாது. பார்வையற்றோருக்கு இவ்வளவு போதும் என்று பிறர் வகுத்த எல்லைக்குள் நிற்க அச்சிறுவன் உடன்படவில்லை. தன் கருத்துகளைச் சொன்னபோது முதியவராகிய பார்பியே முதலில் அவற்றை விரும்பி ஏற்கவில்லை என்பர். ஆயினும் 1829இல் தன் நூலை வெளியிட்டபோது, பார்பியேக்குத் தான் பட்ட கடனை லூயி மறவாது பதிவு செய்தது அவன் பண்பைக் காட்டும்.

மூன்றாண்டுகள் இரவிலும் விடுமுறையிலும் தாளும் ஊசியுமாகச் சிறுவன் உழைத்தான். 1824ஆம் ஆண்டில், பதினைந்தாம் வயதில், முறையின் அடிப்படை அமைந்துவிட்டது. பன்னிரண்டு ஆறாகக் குறைந்தது. இரு நிரைகளில் மும்மூன்று புள்ளிகள். அவற்றின் சேர்க்கையால் 63 குறிகள். ஒரு குறி முழுவதும் ஒரே தொடுதலில் விரல்நுனிக்குள் அடங்கும். முதற்பத்து எழுத்துகள் மேலுள்ள நான்கு புள்ளிகளால் ஆகும். அவற்றோடு கீழ்ப்புள்ளி ஒன்றைக் கூட்ட அடுத்த பத்து. இரண்டைக் கூட்ட அடுத்த வரிசை. முதற்பத்தைக் கற்றவனுக்கு ஏனையவை தாமே வந்தமையும். நன்னூலார் போன்ற இலக்கணநூலார் கண்டால் வியந்து பாராட்டத்தக்க வகைப்பாடு இது. எழுதும்போது தாளின் பின்புறத்தில் வலமிருந்து இடமாகக் குத்த வேண்டும். திருப்பினால் இடமிருந்து வலமாகப் படிக்கலாம். தந்தையின் பட்டறையில் தோலைத் துளைத்த கருவியின் இனத்தைச் சேர்ந்த ஒன்றே இங்கு எழுதுகோலாயிற்று.

முதல் நூல் 1829இல் வெளிவந்தது. சொல், இசை ஆகிய இரண்டையும் புள்ளிகளால் எழுதும் வழியை அது விளக்கியது. அந்நூல் புள்ளியில் அச்சாகவில்லை. பழைய புடைப்பெழுத்திலேயே அச்சாயிற்று. புதிய எழுத்தை அறியாதவர்க்கு அதைப் பழைய எழுத்தில்தானே சொல்ல வேண்டும்? 1837இல் திருத்திய பதிப்பு வந்தது. அதே ஆண்டில் பிரான்சு நாட்டு வரலாறு மூன்று தொகுதிகளாகப் பள்ளியின் அச்சகத்திலேயே புள்ளியெழுத்தில் அச்சாயிற்று.

இதற்கிடையில் லூயி மாணவ நிலையினின்று ஆசிரியரானார். 1828இல் துணையாசிரியர், 1833இல் முழுநிலை ஆசிரியர். இலக்கணம், வரலாறு, நிலநூல், கணிதம், இசை எனப் பல பாடங்களைக் கற்பித்தார். தேவாலயங்களில் ஆர்கன் வாசித்தும் வந்தார். அவர் வகுப்பைச் சற்று எண்ணிப் பார்ப்போம். கற்பிப்பவர் பார்வையற்றவர், கற்பவரும் பார்வையற்றவர், நடுவே பார்வையுள்ளவர் எவரும் இலர். மாணவன் எழுதியதை ஆசிரியர் விரலால் படித்துத் திருத்துகிறார். மாணவன் பாடத்தைத் தானே எழுதி வைத்துக்கொண்டு இரவில் விளக்கின்றிப் படிக்கிறான். இசைப்பாடத்தில் ஆசிரியர் நூறுமுறை வாசித்துக்காட்டச் செவியால் பிடித்த மாணவன், இப்போது ஒரு கையால் குறியைத் தடவி மறுகையால் வாசித்துப் பழகுகிறான். எழுத்து வந்ததும் ஆசிரியர் பாடம் ஒப்பிக்கும் வாயாக இருந்த நிலை மாறி, மாணவர் எழுதியதை ஆய்பவராகவும் வழிகாட்டுபவராகவும் ஆனார். இம்மாற்றத்தை எல்லா ஆசிரியரும் விரும்பினரா?

எதிர்ப்பு வலிமையாகவே எழுந்தது. லூயிக்கு ஆதரவாயிருந்த தலைமையாசிரியர் பீனியே 1840இல் பதவியினின்று நீக்கப்பட்டார். அவரிடத்துக்கு வந்த துபோ புள்ளியெழுத்தை விலக்கினார். பிரித்தானியாவில் வழங்கிய வேறொரு புடைப்பெழுத்தைப் புகுத்தினார். பழைய நூல்கள் எரியூட்டப்பட்டன என்றும், மாணவரிடமிருந்த எழுதுசட்டங்கள் பறிக்கப்பட்டன என்றும் வரலாற்றாசிரியர் பலர் எழுதியுள்ளனர். துபோவைக் கொடியவராக மட்டும் காட்டுதல் முறையன்று. பார்வையுள்ளோர் படிக்கவியலாத தனியெழுத்து பார்வையற்றோரைச் சமுதாயத்தினின்று பிரித்துவிடும் என்று அவர்போன்றோர் அஞ்சினர். அவ்வச்சத்தில் நியாயம் இல்லாமலில்லை. லூயியும் அதை உணர்ந்தவரே. பார்வையற்றவர் தம் பெற்றோர்க்கு மடல் எழுதும்பொருட்டு, பத்துப் புள்ளி உயரத்தில் வழக்கமான எழுத்தின் வடிவையே அமைக்கும் மற்றொரு முறையை 1839இல் அவர் வெளியிட்டார். அவர் நண்பரும், அதே பள்ளியில் பயின்றவரும், தாமும் பார்வையற்றவருமான பியேர் ஃபூக்கோ அதை எளிதில் எழுத ஒரு பொறியை 1841இல் உருவாக்கினார். தட்டச்சுப் பொறி பரவலாவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே நிகழ்ந்தது இது.

ஆனால் எதிர்ப்பின் வேர் வேறிடத்திலும் இருந்தது என்றே நாம் கருதுகிறோம். தாம் படிக்கவியலாத எழுத்தில் மாணவர் எழுதுவதை எந்த ஆசிரியரும் எளிதில் பொறுத்துக்கொள்வதில்லை. பார்வையற்றவர் பார்வையற்றவர்க்குக் கற்பிக்கும் நாள் வருமாயின் பார்வையுள்ள ஆசிரியரின் இடம் யாது? இவ்வினாவைப் பலர் வெளிப்படையாகக் கேட்டிலர். அவர்தம் செயல்கள் கேட்டன.

மாணவர் கேட்டதற்கும் அஞ்சவில்லை, தடைக்கும் அஞ்சவில்லை. பகலில் விலக்கப்பட்ட எழுத்தை இரவில் ஒருவருக்கொருவர் கற்பித்தனர். சட்டம் கிடைக்காதபோது பின்னலூசி முதலிய கைக்கெட்டிய கூர்ப்பொருள்களால் குத்தினர். மூத்தவர் இளையவர்க்குச் சொல்லிக்கொடுத்தனர். ஆசிரியர் இல்லாமலே ஓர் எழுத்து ஒரு பள்ளியில் பரவிய அருஞ்செய்தி இது. இறுதியில் துணைத்தலைவர் ஜோசப் குவாதே துபோவின் மனத்தை மாற்றினார். 1844ஆம் ஆண்டு பிப்ரவரி 22ஆம் நாள் புதிய கட்டடத் திறப்புவிழாவில், கூடியிருந்தோர் முன் குவாதே லூயியின் முறையை விளக்கினார். சொல்லச் சொல்ல ஒரு குழந்தை எழுதியது. எழுதியபோது அங்கில்லாத மற்றொரு குழந்தை வந்து அதை விரலால் தடவிப் பிழையின்றிப் படித்தது. ஏற்கெனவே சொல்லிவைத்த ஏமாற்று என்று ஐயுற்றவர்களும் அவையில் இருந்தனராம்!

லூயியோ நோயால் தளர்ந்திருந்தார். 1835ஆம் ஆண்டு வாக்கிலேயே எலும்புருக்கியின் அறிகுறிகள் தோன்றிவிட்டன. பாடம் சொல்ல மூச்சு இடங்கொடாத நாள்கள் பெருகின. ஊதியம் சிறிதாயினும் வறிய மாணவர்க்குக் கைம்மாற்றாகக் கொடுத்துவந்தார். திறவாமல் எரித்துவிடுமாறு அவர் விட்டுச்சென்ற சிறு பெட்டியில், மாணவர் அவருக்குத் தரவேண்டிய கடன்சீட்டுகளே இருந்தன என்று அவர்தம் நண்பர்வழி அறிகிறோம். 1852ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள், 43ஆம் பிறந்தநாள் கழிந்த இரண்டாம் நாள், அவர் மறைந்தார். பாரிசுச் செய்தித்தாள்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. ஈராண்டு கழித்து, 1854இல் பிரான்சு அவர் முறையை ஏற்றது. 1878இல் பாரிசில் கூடிய பன்னாட்டு மாநாடு அதற்கே முதன்மை தந்தது. அமெரிக்கர் பல புள்ளிமுறைகளுக்கிடையே நெடுநாள் பூசலிட்டு, இருபதாம் நூற்றாண்டில்தான் இணங்கி வந்தனர். நூறாண்டு நிறைவில், 1952இல், நாட்டின் பெருமக்கள் துயிலும் பாந்தியோனுக்கு அவர் உடல் கொண்டுசெல்லப்பட்டது. படித்த கைகளை மட்டும் கூவ்ரே ஊரார் தம்மிடமே வைத்துக்கொண்டனர்.

நம் மொழிகளுக்கு இவ்வெழுத்து வந்த வரலாறு தனியே எழுதத்தக்கது. இந்திய மொழிகளுக்கு முன்னர்ப் பல புள்ளிமுறைகள் வழங்கின. விடுதலைக்குப்பின், யுனெஸ்கோவின் துணையோடு 1951இல் பாரதி பிரெயில் என்னும் பொதுமுறை அமைந்தது. இந்திய மொழிகளில் ஒத்த ஒலிக்கு ஒரே குறி என்பது அதன் நெறி. தமிழ் அகரத்துக்கும் ஆங்கில ஏ எழுத்துக்கும் ஒரே ஒற்றைப்புள்ளி. நம் ககரத்துக்கு ஆங்கிலக் கே எழுத்தின் குறி. வலமிருந்து இடமாக எழுதப்பெறும் அரபு மொழியும் பிரெயிலில் இடமிருந்து வலமாகவே படிக்கப்படுகிறது. தமிழாசிரியராகிய நமக்குச் சுவையூட்டுவது வேறொன்று. மெய்யெழுத்தின் தலைமேல் நாம் இடும் புள்ளி, பிரெயிலில் அம்மெய்க்கு முன்னால் தனிக்குறியாக வரும். கொம்பும் காலும் எழுத்தைச் சூழ்ந்து நில்லாமல், ஒலிக்கும் முறைப்படி மெய்க்குப் பின்னே உயிர் வரும். உயிர்மெய்யை மெய் முன்னும் உயிர் பின்னுமாக ஒலிக்கும் என்று இலக்கண வகுப்பில் நாம் விளக்கிச் சொல்ல வேண்டியிருப்பதை, பார்வையற்ற மாணவர் விரலாலேயே அறிந்து வருகின்றனர்.

இன்று எழுத்தை உரக்கப் படித்துக்காட்டும் மென்பொருள் கைப்பேசியிலேயே கிடைக்கிறது. புள்ளிகள் தாமே எழுந்து அமரும் மின்பலகைகளும் உள்ளன. விலைதான் எளியோர்க்கு எட்டுவதாக இல்லை. ஆகவே பலரும் கேட்டுப் படிப்பதோடு நின்றுவிடுகின்றனர். நூல் பெருகியது, ஆசிரியரைக் காத்திராமல் நள்ளிரவிலும் ஒரு நாவலைக் கேட்டு முடிக்கும் மாணவரை நம் வகுப்புகளிலேயே காண்கிறோம். இது பெருநன்மையே. எனினும் லகர, ளகர, ழகரங்களையும் ரகர, றகரங்களையும் பொறியின் குரல் தெளிவாகப் பிரித்துச் சொல்வதில்லை. நகர, னகர வேறுபாடோ செவிக்கு எட்டுவதே அரிது. செவியால் மட்டும் பயின்ற மாணவர் இவ்விடங்களில் தடுமாறுகின்றனர். புள்ளியைத் தொட்டுப் பயின்றவர்க்கு ஒவ்வொன்றும் தனிக்குறியாதலால் அத்தடுமாற்றம் இல்லை. ஒலியைத் தருகிறது, எழுத்துக்கூட்டலைத் தரவில்லை என்று பார்பியேயின் முறையில் பன்னிரண்டு வயது லூயி கண்ட குறையும் இதுவே. பார்வையுள்ள ஆசிரியர் ஒருவர் கண்ணால் பார்த்து இக்குறிகளை அறிந்துகொள்ளச் சில வாரங்களே போதும். மாணவர் புள்ளியில் எழுதித் தரும் கட்டுரையை வேறொருவரைப் படிக்கச் சொல்லிக் கேளாமல், நாமே படித்து, ழகரப் பிழையைச் சுட்டிக்காட்டித் திருத்தித் தரலாம்.